ஆரஞ்சுப் பழமும் மேசைப் பெட்டியும்: அணுகுண்டு பற்றி சர்ச்சில் மனம் மாறிய கதை

1924-இல் வின்ஸ்டன் சர்ச்சில் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் விசித்திரமான கேள்வி ஒன்றைக் கேட்டார். ஆயிரம் டன் வெடிமருந்தின் வலுவை ஓர் ஆரஞ்சுப் பழ அளவுள்ள குண்டுக்குள் அடக்கி, ஒரே அடியில் ஓர் ஊரையே தகர்க்கும் வழி என்றாவது கண்டுபிடிக்கப்படுமா? அன்று நியூட்ரான் என்ற துகளையே யாரும் அறிந்திருக்கவில்லை. அதற்கு இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தன.

1931-இல் இன்னொரு கட்டுரை. ஒரு பவுண்டு தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்களைச் சேர்த்து ஹீலியமாக்க முடிந்தால், ஆயிரம் குதிரைத்திறன் எஞ்சினை ஒரு வருடம் முழுக்க ஓட்டலாம் என்றார். விறகு அடுக்கித் தயாராக இருக்கிறது, கொளுத்தத் தீக்குச்சிதான் இல்லை என்பது அவர் சொன்னதன் சாரம். இந்தத் தீக்குச்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இப்படி எழுதிய அரசியல்வாதி அந்தக் காலத்தில் வேறு யாரும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு இயற்பியலாளர் ஃபிரெடெரிக் லிண்டமன் அவருடைய நெருங்கிய நண்பர். அறிவியல் செய்திகளைச் சுருக்கிப் புரியவைப்பது அவர் வேலை. ஆனால் அந்த நட்பே ஒரு கட்டத்தில் சர்ச்சிலைத் தவறான பக்கம் கொண்டுபோனது.

1938 கடைசியில் ஜெர்மனியில் யுரேனிய அணுக்கரு பிளக்கப்பட்டது. ஹிட்லரிடம் ஏதோ ரகசிய வெடிகுண்டு இருப்பதாக லண்டனில் பேச்சு கிளம்பியது. 1939 ஆகஸ்ட் 5 அன்று சர்ச்சில் விமானத்துறை அமைச்சருக்கு ஒரு கடிதம் எழுதினார். பயப்பட ஒன்றும் இல்லை, இது இன்றைய வெடிமருந்துகளுக்குச் சமமாக இருக்கலாம், அதைவிடப் பெரிய ஆபத்தாக இருக்க வாய்ப்பில்லை என்பது அவர் வாதம். பின்னணியில் இருந்தது லிண்டமனின் கணக்கு. அந்தக் கணக்கு முட்டாள்தனமானது என்று சொல்லிவிட முடியாது. அன்று தெரிந்த அறிவியலின்படி அது சரியாகவே இருந்தது. எங்கே பிசகியது என்று பார்த்தால்தான் அணுகுண்டு எப்படி வேலை செய்கிறது என்பதும் விளங்கும்.

ஒரு நியூட்ரான் மோதும்போது யுரேனிய அணுக்கரு இரண்டாகப் பிளந்து, கூடவே இரண்டு மூன்று நியூட்ரான்களை வெளியே வீசுகிறது. அவை வேறு கருக்களைப் பிளக்கின்றன. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி வளர்வதுதான் தொடர்வினை. ஆனால் மண்ணிலிருந்து எடுக்கும் யுரேனியத்தில் ஆயிரம் அணுக்களை எண்ணினால் சுமார் 993 யுரேனியம்-238 என்ற வகையாக இருக்கும். எளிதில் பிளக்கும் யுரேனியம்-235 வெறும் ஏழுதான். மீதிக் கூட்டம் நியூட்ரான்களைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். அதையும் மீறித் தொடர்வினை நடக்க வேண்டுமென்றால் நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்க வேண்டும், ஏனென்றால் மெதுவாக வரும் நியூட்ரான்களை 235 மிக எளிதாகப் பிடித்துக்கொள்ளும்.

சிக்கல் இந்த 'மெதுவாக' என்ற சொல்லில்தான். மெதுவான நியூட்ரான்களால் சக்தியும் படிப்படியாகவே சேரும். உலோகம் சூடாகும், விரியும், சிதறும். சிதறியதும் தொடர்வினை நின்றுவிடும். பால் பொங்கி வழிந்து தன் அடுப்பைத் தானே அணைத்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதை. பெரிதாக எதுவும் நடக்கும் முன்பே சின்னதாக வெடித்து அடங்கிவிடும் என்று சர்ச்சிலின் கடிதம் சொன்னது இதைத்தான்.

ஏழு மாதம் கழித்து, 1940 மார்ச்சில், பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இரண்டு அகதிகள் வேறு ஒரு கேள்வி கேட்டார்கள். ஓட்டோ ஃபிரிஷ், ருடால்ஃப் பைர்ல்ஸ் இருவரும் அயல்நாட்டவர் என்பதால் ரேடார் போன்ற ரகசிய வேலைகளில் சேர்க்கப்படவில்லை. கையில் நேரம் இருந்தது. 238-ஐ முழுக்க நீக்கிவிட்டு, 235-ஐ மட்டும் தனியாக வைத்திருந்தால் என்ன ஆகும்?

விழுங்க ஆள் இல்லை, அதனால் நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்கவும் தேவையில்லை. பிறந்த வேகத்திலேயே அடுத்த கருவைப் பிளக்கும். ஒரு தலைமுறைக்கு ஆகும் நேரம் ஒரு நொடியின் பத்துக் கோடியில் ஒரு பங்கு அளவுதான். எண்பது முறை இரட்டித்தால் அரைக் கிலோ யுரேனியம் பிளந்து முடிந்திருக்கும். அதற்கு ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு போதும். உலோகம் விரிந்து சிதற நேரமே கிடைக்காது. பால் பொங்கும் முன்பே அடுப்பும் சமையலறையும் போய்விடும்.

எவ்வளவு வேண்டும் என்பது அடுத்த கேள்வி. ஒரு கைப்பிடிச் சோறு சீக்கிரம் ஆறிவிடும், கல்யாண வீட்டு அண்டாச் சோறு மணிக்கணக்கில் சூடாக இருக்கும். சின்ன உருண்டைக்கு அதன் பருமனோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு அதிகம், அதன் வழியே வெப்பம் தப்பிவிடும். யுரேனியத்தில் தப்புவது நியூட்ரான். தப்பிப் போவதைவிட உள்ளே பிறப்பது அதிகமாகும் அளவுக்குப் பெயர் மாறுநிலை நிறை. அது சுமார் 600 கிராம் என்று இருவரும் கணித்தார்கள். உண்மையில் 235 மட்டும் உள்ள வெறும் உருண்டைக்கு ஐம்பது கிலோ அளவு தேவை. ஹிரோஷிமா குண்டில் 64 கிலோ யுரேனியம் வைத்தார்கள், அதில் பிளந்தது ஒரு கிலோவுக்கும் குறைவு. சரியான எண் அன்றே வந்திருந்தால் போர்க்காலத்தில் இதெல்லாம் ஆகாத காரியம் என்று கோப்பை மூடியிருப்பார்களோ என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

அந்தக் குறிப்பு குழுக்களைத் தாண்டி 1941-இல் பிரதமர் சர்ச்சிலின் மேசைக்கு வந்தது. ஆகஸ்ட் 30 அன்று அவர் எழுதிய பதில், இருக்கிற வெடிமருந்துகளே தனக்குப் போதும், ஆனாலும் முன்னேற்றத்தின் குறுக்கே நிற்கக் கூடாது என்பதுதான். பொறுப்பை ஜான் ஆண்டர்சனிடம் கொடுத்தார். இளவயதில் லைப்சிக்கில் யுரேனிய வேதியியல் படித்த அமைச்சர் அவர். திட்டத்துக்கு 'டியூப் அலாய்ஸ்' என்று ஒரு வெற்றுப் பெயர்.

அந்தப் பதிலின் தொனியைக் கவனியுங்கள். 1924-இல் ஊரையே தகர்க்கும் பழத்தைக் கற்பனை செய்தவர், நிஜமாகவே அது கைக்கு வரப்போகும்போது இன்னொரு வெடிமருந்தாகத்தான் பார்க்கிறார். போரின் நடுவில் தினமும் டன் கணக்கில் குண்டு வீசிக்கொண்டிருந்தவருக்கு இதுவும் டன் கணக்கு. 1943 ஆகஸ்டில் கனடாவின் கியூபெக்கில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுடன் ஒப்பந்தம் போட்டார்: ஒருவர் மேல் ஒருவர் இதைப் பயன்படுத்தக் கூடாது, இருவரும் சம்மதிக்காமல் மூன்றாவது நாட்டின் மேலும் பயன்படுத்தக் கூடாது, ரகசியத்தை வேறு யாருக்கும் சொல்லக் கூடாது. அதே மாதத்தில் வங்கத்தில் அவருடைய ஆட்சியின் கீழ் மக்கள் பட்டினியால் தெருவில் விழுந்துகொண்டிருந்தார்கள். இந்த இரண்டையும் பிரித்துப் படிக்க என்னால் முடிவதில்லை.

அந்த நேரத்தில் குண்டின் தன்மையை வேறு விதமாகப் பார்த்தவர் டென்மார்க்கின் இயற்பியலாளர் நீல்ஸ் போஹ்ர். நாஜிகளிடமிருந்து தப்பி, ஒரு போர் விமானத்தின் குண்டு அறைக்குள் படுத்தபடி, வழியில் ஆக்சிஜன் குறைந்து மயங்கிய நிலையில் பிரிட்டனுக்கு வந்து சேர்ந்தவர். 1944 மே 16 அன்று சர்ச்சிலைச் சந்தித்தார். இயற்கையின் விதிகளை யாரும் பூட்டி வைக்க முடியாது, நாம் கண்டதை ரஷ்யர்களும் கண்டுபிடிப்பார்கள், குண்டு தயாராகும் முன்பே அவர்களிடம் சொல்லிப் பொதுக் கட்டுப்பாட்டுக்கு வழி தேட வேண்டும் என்பது அவர் சொல்ல வந்தது. சொல்ல முடியவில்லை. மெல்லிய குரலில் சுற்றி வளைத்துப் பேசுபவர் போஹ்ர், காத்திருக்கத் தெரியாதவர் சர்ச்சில். பெரும்பகுதி நேரம் சர்ச்சிலும் லிண்டமனும் தங்களுக்குள்ளேயே வாதாடினார்கள். இந்தக் குண்டு இப்போதுள்ளவற்றைவிடப் பெரியது, அவ்வளவுதான், போரின் அடிப்படைகளில் எதையும் இது மாற்றாது என்று முடித்துவிட்டார் சர்ச்சில். கடிதம் எழுதலாமா என்று போஹ்ர் கேட்டதற்கு, எழுதுங்கள், ஆனால் அரசியல் வேண்டாம் என்று பதில் வந்தது.

செப்டம்பரில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் கையெழுத்திட்ட குறிப்பில், போஹ்ர் ரஷ்யர்களுக்கு எதையும் கசியவிடாமல் கண்காணிக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. கசிவு அப்போது நடந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் வேறு ஆள் வழியாக. அமெரிக்காவில் குண்டு உருவான லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்துக்கு சர்ச்சில் அரசே அனுப்பிய குழுவில், ரஷ்யாவுக்கு உளவு சொன்ன இயற்பியலாளர் கிளாஸ் ஃபூக்ஸ் இருந்தார். போஹ்ர் நேர்மையான மனிதர், சொன்னதும் சரி. அவரைச் சந்தேகித்தது சர்ச்சில் செய்த பெரிய தவறு என்றே நான் நினைக்கிறேன்.

1945 ஜூலை 4 அன்று ஜப்பான் மேல் குண்டைப் பயன்படுத்த பிரிட்டன் முறைப்படி சம்மதம் தந்தது. பெரிய விவாதம் எதுவும் நடக்கவில்லை. குண்டின் முதல் சோதனை வெற்றி பெற்ற செய்தி, ஜெர்மனியில் போட்ஸ்டாம் மாநாட்டில் இருந்தபோது கிடைத்ததும் சர்ச்சில் தலைகால் புரியாமல் பூரித்துப் போனதாக ராணுவத் தலைமைத் தளபதி ஆலன்புரூக் நாட்குறிப்பில் எழுதினார். மாஸ்கோ, ஸ்டாலின்கிராட், கீவ் என்று ரஷ்ய நகரங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இனி ரஷ்யாவை மிரட்டலாம் என்ற கணக்கில் பேசினாராம். சில நாட்களிலேயே தேர்தலில் தோற்றார். 1948 அக்டோபரில் வேல்ஸின் லாண்டட்னோ ஊரில் பேசியபோதும் அதே கணக்குத்தான்: ரஷ்யர்களிடம் குண்டு வரும் முன்பே மேற்கு நாடுகள் தங்கள் கோரிக்கைகளை முன்வைத்துவிட வேண்டும்.

1949 ஆகஸ்ட் 29 அன்று ரஷ்யர்கள் தங்கள் குண்டை வெடித்தார்கள். ஆறே மாதத்தில், 1950 பிப்ரவரியில் எடின்பரோவில் பேசிய சர்ச்சில் ரஷ்யாவுடன் உச்சநிலைப் பேச்சுவார்த்தை வேண்டும் என்றார். தலைவர்கள் சந்திப்பை இன்று 'உச்சி மாநாடு' என்கிறோமே, அந்தச் சொல்லின் வேர் இந்தப் பேச்சில்தான் இருக்கிறது. ஆனாலும் அவர் மனத்தை உண்மையில் கலைத்தது இன்னொரு இயற்பியல்.

பிளவு வகைக் குண்டுக்கு ஒரு வரம்பு உண்டு. மாறுநிலை நிறையைத் தாண்டிய யுரேனியத்தை ஒரே இடத்தில் வைத்திருக்க முடியாது, தானாகவே வினை தொடங்கிவிடும். துண்டு துண்டாக வைத்து ஒரே கணத்தில் சேர்க்க வேண்டும், அதனால் ஓரளவுக்கு மேல் பெரிதாக்க முடிவதில்லை. ஹைட்ரஜன் இணைவுக்கு மாறுநிலை நிறை என்பதே கிடையாது. எவ்வளவு எரிபொருளை அடுக்கினாலும் சும்மா கிடக்கும். கருக்கள் ஒன்றையொன்று விலக்குவதால் அவற்றைச் சேர்க்கக் கோடிக்கணக்கான டிகிரி வெப்பமும் பெரும் அழுத்தமும் வேண்டும். அதைத் தரும் தீக்குச்சி பூமியில் ஒன்றே ஒன்றுதான், ஓர் அணுகுண்டு. அது வெடித்ததும் கிளம்பும் எக்ஸ் கதிர்கள் ஒளியின் வேகத்தில் ஓடி, வெடி அலை வந்து சேரும் முன்பே பக்கத்தில் உள்ள ஹைட்ரஜன் எரிபொருளை நசுக்கிப் பற்றவைக்கின்றன. 1931-இல் சர்ச்சில் தேடிய தீக்குச்சி இதுதான். 1952 நவம்பர் 1 அன்று பசிபிக்கில் அமெரிக்கா அதைக் கொளுத்தியது. எலுகெலாப் என்ற தீவு இருந்த இடத்தில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் அகலக் குழிதான் மிஞ்சியது.

அமெரிக்கச் சட்டம் அணு ரகசியங்களை நட்பு நாடுகளோடும் பகிரவிடாமல் தடுத்ததால், இந்த விவரங்களை மீண்டும் பிரதமராகியிருந்த சர்ச்சில் செய்தித்தாளில்தான் படித்தார். 1954 பிப்ரவரி 17 அன்று அமெரிக்க நாடாளுமன்ற அணுசக்திக் குழுவின் தலைவர் ஸ்டெர்லிங் கோல் பேசியதன் செய்தி அது. இரண்டு வாரத்துக்குள், மார்ச் 1 அன்று, பசிபிக்கின் பிகினி தீவில் அமெரிக்காவின் 'பிராவோ' ஹைட்ரஜன் குண்டுச் சோதனை நடந்தது. எரிபொருளோடு கலந்திருந்த, பயன்படாது என்று நினைத்திருந்த லித்தியம்-7 வேக நியூட்ரான்கள் பட்டதும் எரிபொருளாக மாறிவிட, எதிர்பார்த்ததைப் போல இரண்டரை மடங்காக 15 மெகாடன், அதாவது ஒன்றரைக் கோடி டன் வெடிமருந்தின் வலுவோடு வெடித்தது. அதில் பாதிக்கு மேல் வெளி உறையில் இருந்த யுரேனியம்-238 பிளந்து வந்த சக்தி. 1939-இல் நியூட்ரான்களை விழுங்கித் தடுத்த அதே 238, இணைவு வீசும் அதிவேக நியூட்ரான்கள் பட்டால் தானே பிளக்கும். அந்தப் பிளவின் கதிரியக்கக் கழிவுகள் பொடியான பவளப்பாறையோடு கலந்து வெண்சாம்பலாகப் பொழிந்தன. நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த ஜப்பானிய மீன்பிடிப் படகில் 23 பேர் மேலும் அது விழுந்தது. அவர்களில் ஒருவர் செப்டம்பரில் இறந்தார்.

ஹிரோஷிமா குண்டு சுமார் 15 கிலோடன், அதாவது 15 ஆயிரம் டன் வெடிமருந்துக்குச் சமம். பிராவோ அதைப் போல ஆயிரம் மடங்கு. வெடி அலை எல்லாத் திசையிலும் பரவுவதால் ஆயிரம் மடங்கு சக்திக்கு அழிவின் ஆரம் பத்து மடங்குதான் கூடும், பரப்பு நூறு மடங்கு. ஹிரோஷிமாவில் நாசமான வட்டத்தின் ஆரம் சுமார் 2 கிலோமீட்டர். அதை 20 ஆக்கி லண்டன் வரைபடத்தின் மேல் வைத்தால் நகரம் ஏறக்குறைய முழுக்க மறைந்துவிடும். மார்ச் மாதமே சர்ச்சில் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கு எழுதினார்: நான்கைந்து ஹைட்ரஜன் குண்டுகளில் பல பத்து லட்சம் மக்கள் அழிவார்கள் என்று சொல்கிறார்கள், லண்டனைப் பற்றி என் மனத்தில் என்ன ஓடுகிறது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில்.

அப்புறம் அவர் செய்தவை இரண்டு. 1954 ஜூலையில் பிரிட்டனும் ஹைட்ரஜன் குண்டு செய்யும் என்று அமைச்சரவை முடிவெடுத்தது. அதே மூச்சில் ரஷ்யத் தலைவர்களை நேரில் சந்தித்தே தீர வேண்டும் என்று ஐசன்ஹோவரை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

1955 மார்ச் 1 அன்று, எண்பது வயதில், நாடாளுமன்றத்தில் தன் கடைசிப் பெரிய உரையை நிகழ்த்தினார். எதிரே மேசை மேல் இருந்த பெட்டியைக் காட்டி, அதை நிரப்பும் அளவுக்குக்கூட வேண்டாம், யுரேனியத்தைப் போலவே அணுகுண்டுக்குப் பயன்படும் உலோகமான புளூட்டோனியம் அதற்கும் குறைவாக ஒரே ஒரு வல்லரசிடம் மட்டும் இருந்தால் உலகையே ஆள அதுபோதும் என்றார். அணுகுண்டு எவ்வளவு பயங்கரமானாலும் மனிதக் கட்டுப்பாட்டுக்கு வெளியே போய்விடவில்லை, ஹைட்ரஜன் குண்டோடு மனித விவகாரங்களின் அடித்தளமே புரண்டுவிட்டது என்றார். பரந்த கண்டங்களும் இனி சின்னத் தீவுகளைப் போலவே தப்ப முடியாது, அதனால் பாதுகாப்பு பயங்கரம் பெற்ற பிள்ளையாகவும், பிழைத்திருப்பது அழிவோடு பிறந்த இரட்டையாகவும் இருக்கும் நிலை வரலாம் என்றார்.

இதில் பாதியை என்னால் ஏற்க முடியவில்லை. 1945 முடிவதற்குள் ஹிரோஷிமாவில் மட்டும் சுமார் 1,40,000 பேர் இறந்தார்கள். அவர்களுக்கு அது எந்தக் கட்டுப்பாட்டுக்குள் இருந்தது? பதினோரு வருடம் முன்பே போஹ்ர் சொன்னதை, தன் நகரமே வட்டத்துக்குள் வந்த பிறகுதான் சர்ச்சில் உணர்ந்தார். ஆனாலும் எண்பது வயதில், தான் கட்டிய கணக்கையே அடித்துவிட்டு நாடே கேட்க எழுந்து சொன்ன அந்த நேர்மைக்கு நான் மரியாதை வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 5 அன்று பதவி விலகினார். அவர் கேட்டுக்கொண்டே இருந்த உச்சி மாநாடு அந்த ஜூலையில் ஜெனீவாவில் கூடியது. பிரிட்டனின் நாற்காலியில் புதிய பிரதமர் ஆந்தனி ஈடன் உட்கார்ந்திருந்தார். 1954-இல் முடிவான குண்டின் முதல் சோதனை 1957 மே மாதம் பசிபிக்கில் மால்டன் தீவுக்கு அருகே நடந்தது.