டெண்டர்: விடுவது யார், கொடுப்பது யார்?

'நகரத்தின் பழைய குடிநீர்க் குழாய்களை மாற்ற டெண்டர் விட்டிருக்கிறார்கள்' என்று பேச்சில் சொல்கிறோம். யாருக்கும் புரிந்துவிடும். ஆனால் சொல்லின் மூலப் பொருளைப் பார்த்தால், அந்த வாக்கியத்தில் ஆள் மாறிவிட்டது. டெண்டர் கொடுப்பவர் ஒப்பந்ததாரர். நகர நிர்வாகம் செய்வது, 'கொடுங்கள்' என்று அழைப்பது மட்டும்தான்.

இலத்தீனில் 'தெந்தெரே' என்றால் நீட்டுதல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, கையில் உள்ளதை எதிரே இருப்பவர்முன் நீட்டுவது, அதாவது முன்வைப்பது என்ற பொருள் நிலைத்தது. கடனுக்கு ஈடாக நீட்டினால் சட்டம் ஏற்கும் பணத்தை 'லீகல் டெண்டர்' என்பதும் இதே சொல்தான். மென்மையைக் குறிக்கும் டெண்டர் வேறு. அது 'தெனெர்' என்ற சொல்லிலிருந்து வந்தது. 'இந்த வேலையை இந்தத் தொகைக்கு முடித்துத் தருகிறேன்' என்று ஒருவர் எழுதி நீட்டும் தாள்தான் டெண்டர்.

அப்புறம் 'விடுவது' எங்கிருந்து வந்தது? ஏலத்திலிருந்து என்றே நினைக்கிறேன். ஏலம் விடுகிறோம், ஏலம் எடுக்கிறோம். அந்த இரண்டு வினைகளும் அப்படியே டெண்டரோடு ஒட்டிக்கொண்டன. (ஏலமும் இரவல்தான், போர்த்துக்கீசிய 'லெய்லாவ்' என்பதன் திரிபு.) ஆனால் ஏலத்தில் கூடுதல் தொகை சொன்னவருக்குப் பொருள் போகும். கட்டுமான டெண்டரில் பெரும்பாலும் குறைத்துச் சொன்னவருக்கு வேலை போகும். சிங்கப்பூரில் வழங்கும் 'ஏலக்குத்தகை' நிலம் விற்பதற்குப் பொருந்துகிறது. குழாய் பதிக்கும் வேலைக்கு எனக்கு அது இடிக்கிறது. இலங்கையில் 'கேள்விப்பத்திரம்', 'விலைமனு' என்கிறார்கள். விலைமனு எனக்குப் பிடித்த சொல். விலை எழுதி மனுவாக நீட்டுவது என்று மூலப் பொருளை அப்படியே பிடித்துவிடுகிறது.

தமிழ்நாட்டு அரசு விளம்பரங்களில் காணும் சொல் 'ஒப்பந்தப்புள்ளி'. இதில் புள்ளி எதற்கு என்று பலர் குழம்புவார்கள். புள்ளி என்பது வெறும் பொட்டு அல்ல, கணக்கிட்டுக் குறித்த அளவும்கூட. புள்ளிவிவரம், விலைப்புள்ளி இரண்டிலும் இருப்பது அந்தப் பொருள்தான். ஆக, ஒப்பந்தத்துக்காகக் குறித்துத் தரும் தொகை ஒப்பந்தப்புள்ளி. நிர்வாகம் ஒப்பந்தப்புள்ளி கோருகிறது, ஒப்பந்ததாரர் அளிக்கிறார். ஆள் மாறாட்டம் இல்லை.

சரி, புள்ளிகள் வந்து சேர்ந்தபின் ஒருவரைத் தேர்ந்து வேலையைக் கொடுப்பதை ஆங்கிலத்தில் 'அவார்ட்' என்பார்கள். இதை அகராதி பார்த்து 'ஒப்பந்த விருது' என்று மொழிபெயர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஒப்பந்ததாரருக்குக் கேடயமா கொடுக்கிறார்கள்? அவார்ட் என்பதன் பழைய பிரெஞ்சு மூலத்துக்கு, நன்கு பார்த்து ஆராய்ந்து முடிவு சொல்வது என்று பொருள். பரிசு என்பது பிறகு ஏறிய பொருள். தமிழில் 'ஒப்பந்தம் வழங்குதல்' போதும்.

குடிநீர் வேலைகளில் இந்தப் 'பார்த்து ஆராய்தல்' வெறும் சொல் அலங்காரமல்ல. குழாய் மண்ணுக்குள் போய்விட்டால் இணைப்பின் தரத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. அதனால்தான் பள்ளத்தை முழுக்க மூடுவதற்குமுன் நீரை ஏற்றி அழுத்தச் சோதனை செய்வார்கள். வீடுகளுக்குத் தண்ணீர் விடுமுன் குளோரின் கலந்த நீரால் குழாயைச் சுத்தம் செய்வார்கள். இவற்றையெல்லாம் செய்த அனுபவம் இல்லாதவர், குறைந்த தொகையை மட்டும் நீட்டினால் போதாது. இரண்டு உறை முறை வந்தது இதற்காகத்தான். முதல் உறையில் தகுதியும் அனுபவமும், இரண்டாவதில் விலை. முதல் உறையில் தேறாதவரின் விலை உறையைப் பிரிக்கவே மாட்டார்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஒப்பந்தப்புள்ளி ஏற்கப்பட்டது என்ற கடிதமும் பணி ஆணையும் பொதுவாக வேறு வேறு. கடிதம் வந்தபின் பிணைத்தொகை கட்டி, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, பணி ஆணை கைக்கு வந்த பிறகே பள்ளம் தோண்டத் தொடங்குவார்கள். 'டெண்டர் முடிந்துவிட்டதே, இன்னும் ஏன் வேலை தொடங்கவில்லை' என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் நிற்கிறார்கள்.