எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் கணினிச் சல்லடையும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தென்பெண்ணையும் கெடிலமும் பெருகும்போது கடலூர்ச் சுற்றுவட்டார வயல்களில் நாள்கணக்கில் நீர் தேங்குகிறது. எலி வளைகளுக்குள் புகும் அந்த நீர் எலிகளின் சிறுநீரையும் சுமந்து வரப்பிலும் வாய்க்காலிலும் பரவுகிறது. சேற்றில் வெறுங்காலோடு நின்று களை பறிப்பவரின் பித்தவெடிப்பு வழியாகவோ சேற்றுப்புண் வழியாகவோ லெப்டோஸ்பைரா என்னும் சுருள் வடிவப் பாக்டீரியா உடலுக்குள் நுழைந்துவிடுகிறது. அது உண்டாக்கும் நோயே எலிக்காய்ச்சல்.

தொடக்கத்திலேயே கண்டறிந்தால் டாக்ஸிசைக்ளின், பென்சிலின் போன்ற பழைய மருந்துகளே இதற்குப் போதும். ஆனால் காய்ச்சலும் உடல்வலியுமாகத் தொடங்கும் இந்நோயை, அதே மழைக்காலத்தில் வரும் டெங்குவிலிருந்து பிரித்தறிவது எளிதன்று. மஞ்சள் காமாலையும் சிறுநீரகப் பாதிப்பும் தோன்றிய பிறகே பலருக்கு நோய் இன்னதென்று தெரியவருகிறது. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 10 லட்சம் பேருக்கு இந்நோய் வருவதாகவும் சுமார் 58,900 பேர் இறப்பதாகவும் 2015இல் வெளியான ஒரு மதிப்பீடு கூறியது. இறப்பவர்களில் பெரும்பாலோர் வேலை செய்யும் வயதினர் என்பதால், இதற்கொரு நல்ல தடுப்பூசி வேண்டும் என்பது நம் பகுதிக்கு நேரடியான தேவை.

பாக்டீரியாவைக் கொன்று அப்படியே ஊசியில் செலுத்தும் பழைய முறையில் கியூபாவிலும் சீனாவிலும் தடுப்பூசிகள் செய்யப்பட்டன. அவை தரும் பாதுகாப்பு நீண்டகாலம் நிற்பதில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், பாக்டீரியாவின் மேற்பரப்பில் உள்ள சர்க்கரையும் கொழுப்பும் இணைந்த மூலக்கூறு வகைக்கு வகை மாறுபடுகிறது என்பதாகும். நோயுண்டாக்கும் லெப்டோஸ்பைராவில் 250க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. ஒரு வகைக்கு எதிராக நம் உடலில் உருவாகும், கிருமியைப் பற்றும் புரதமான எதிர்ப்பொருள் மற்றொரு வகையைப் பெரும்பாலும் அடையாளம் காண்பதில்லை. ஆகவே எல்லா வகைகளுக்கும் பொதுவான ஒரு புரதத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

கணினி இங்கேதான் உள்ளே வருகிறது. மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் பாக்டீரியாவின் பி வகைக்கு எதிராகத் தடுப்பூசி தேடிய இத்தாலிய விஞ்ஞானி ரினோ ராப்புவோலியின் குழு இதற்கு வழிகாட்டியது. அந்தப் பாக்டீரியாவின் முழு மரபணுத்தொகை 2000ஆம் ஆண்டில் வெளியானது. அதிலிருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்களைக் கணினியில் ஆராய்ந்து, மேற்பரப்பில் இருக்கக்கூடியவை என்று சுமார் 600ஐத் தேர்ந்தனர். அவற்றுள் 350 புரதங்களை ஆய்வகத்தில் உருவாக்கினர். அவற்றில் 28 மட்டுமே பாக்டீரியாவைக் கொல்லும் எதிர்ப்பொருளைத் தூண்டின. அவ்வழியே பிறந்த தடுப்பூசிக்கு 2013இல் ஐரோப்பாவில் ஒப்புதல் கிடைத்தது. கிருமியை வளர்த்து அதிலிருந்து புரதத்துக்குப் போகாமல், மரபணு எழுத்துகளிலிருந்து தொடங்குவதால் இம்முறையைத் தலைகீழ்த் தடுப்பூசியியல் என்கிறார்கள்.

லெப்டோஸ்பைராவின் ஏறத்தாழ 47 லட்சம் எழுத்துகள் கொண்ட மரபணுத்தொகையைச் சீன ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்டனர். அதைச் சலிக்கும் நிரல் சில கேள்விகளைக் கேட்கிறது. இப்புரதத்தின் முனையில், செல்லுக்கு வெளியே அனுப்பப்படுவதற்கான முகவரி போன்ற அமினோ அமிலத் தொடர் உள்ளதா? நோயுண்டாக்கும் எல்லா வகைகளிலும் இது மாறாமல் இருக்கிறதா? மனிதப் புரதம் எதையாவது ஒத்திருக்கிறதா? ஒத்திருந்தால், தடுப்பூசி நம் உடலையே தாக்கத் தூண்டிவிடக்கூடும் என்பதால் அது விலக்கப்படும். எஞ்சியவற்றின் எந்தத் துண்டுகள், புரதத் துண்டுகளைச் செல்லின் மேல் ஏந்திக் காட்டும் நம் எச்.எல்.ஏ. மூலக்கூறுகளில் பொருந்தி, நோயெதிர்ப்பு வெள்ளணுக்களான டி செல்களின் கண்ணில் படும் என்பதும் கணிக்கப்படுகிறது. எச்.எல்.ஏ. ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், ஐரோப்பியருக்குப் பொருந்தும் துண்டு கடலூர்க்காரருக்கும் பொருந்தும் என்று முன்கூட்டியே கொள்ள முடியாது.

அடுத்து வடிவம். எதிர்ப்பொருள் புரதத்தின் எழுத்துவரிசையைப் படிப்பதில்லை. அதன் மடிப்பையும் புடைப்பையும் பற்றுகிறது. வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு நிரலுக்காக 2024இன் வேதியியல் நோபல் பரிசில் ஒரு பகுதி வழங்கப்பட்டது. கணினி வரைந்த வடிவம் இயற்கையில் அமையக்கூடியதா என்று சோதிக்க இன்றும் உலகெங்கும் பயன்படுவது ராமச்சந்திரன் வரைபடம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் உடன் பணியாற்றியவர்களும் 1963இல் அதை வெளியிட்டார்கள் என்பதைப் பெருமையோடு சொல்லலாம்.

இத்தனையும் செய்ய ஒரு கணினியும் பொதுத் தரவுத்தளங்களும் போதும். காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தில் உயிரித் தகவலியலுக்குத் தனித் துறையே இருக்கிறது; இத்தகைய ஆய்வுக்கு இங்குள்ள மாணவர்கள் வேறெங்கும் போக வேண்டியதில்லை. ஆனால் இதே எளிமையால், கணினியில் வடிவமைத்த தடுப்பூசிகள் பல கட்டுரையோடு நின்றுவிடுவது எனக்குக் கவலை தருகிறது. கணிப்பு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் சோதனை அதைப் புரட்டிப்போடக்கூடும் என்பதற்கு லெப்டோஸ்பைராவே சான்று.

லிப்எல்32 என்னும் புரதம் நோயுண்டாக்கும் வகைகளில் மிகுதியாகவும் மாறாமலும் இருக்கிறது. தீங்கற்ற வகைகளில் இல்லை. நோயாளிகளின் இரத்தத்தில் அதற்கு எதிர்ப்பொருளும் காணப்படுகிறது. சல்லடையின் எல்லாக் கண்ணிலும் தேறக்கூடிய புரதம் இது. எனினும் விலங்குச் சோதனைகளில் அது நம்பகமான பாதுகாப்பைத் தரவில்லை. அந்தப் புரதமே இல்லாத பாக்டீரியாவும் நோயை உண்டாக்கியது. பாக்டீரியா சிதையாமல் இருக்கும்போது அப்புரதம் மேற்பரப்புக்கு அடியில் மறைந்திருக்கிறது என்று 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. எட்டாத இடத்தில் இருக்கும் ஒன்றை எதிர்ப்பொருளால் பற்ற முடியாது.

லிக்ஏ என்னும் புரதத்தின் கதை வேறு. சாதாரண வளர்ப்பூடகத்தில் சிறிதளவே தோன்றும் இது, உப்பின் அளவு நம் இரத்தத்தில் உள்ளதைப் போல உயரும்போது பெருகுகிறது. அதாவது உடலுக்குள் நுழைந்துவிட்டதைப் பாக்டீரியா உணர்ந்தவுடன் இதைத் தயாரிக்கிறது. இதன் ஒரு பகுதியைத் தடுப்பூசியாகப் பெற்ற ஹாம்ஸ்டர்கள் (எலி போன்ற ஆய்வக விலங்குகள்), செலுத்தப்பட்ட கிருமிக்குப் பலியாகாமல் பிழைத்தன. ஆயினும் பிழைத்த விலங்குகளின் சிறுநீரகங்களில் பாக்டீரியா தங்கியிருந்தது. வயல் எலியும் நோயின்றி அதே கிருமியைச் சிறுநீரகத்தில் சுமந்துதான் திரிகிறது. உயிரைக் காப்பதோடு கிருமியைச் சிறுநீரகத்திலிருந்தும் விரட்டக்கூடிய புரதம் எதுவென்று கணிக்க வேண்டுமானால், அத்தகைய பாதுகாப்பு எப்படி நிகழ்கிறது என்பதற்கான சோதனைத் தரவுகளை முதலில் கணினிக்குத் தந்தாக வேண்டும்.