குவாட்ரிசெப்ஸ்: நாற்றலைத் தசையா, முன்தொடைத் தசையா?

திருகோணமலைக் கோணேசர் கோவிலுக்கு ஏறும்போது வராத வலி, கும்பிட்டுவிட்டு இறங்கும்போது முழங்காலில் வந்துவிடுகிறது என்பார் அம்மம்மா. பிசியோதெரபி செய்கிற பிள்ளை முழங்காலைப் பார்த்துவிட்டுத் தொடையைத் தொட்டு, "குவாட்ரிசெப்ஸுக்குப் பலம் காணாது அம்மா" என்றார். வீட்டுக்கு வந்ததும் அம்மம்மாவின் கேள்வி: "அதென்ன பிள்ளை, குவாட்டரோ?"

சொல் லத்தீன். 'குவாட்ரி' நான்கைக் குறிக்கும். 'செப்ஸ்' வந்தது 'கபுட்' என்பதிலிருந்து, பொருள் தலை. துறைமுக ஊரான எங்களுக்குப் பழகிய 'கப்டன்' கூட அந்தத் தலையில் முளைத்ததுதான். கடைசி 'ஸ்' பன்மை அல்ல, ஒரு தசைக்கே அந்தப் பெயர்.

தலை என்றால் இங்கே தசை எலும்பில் தொடங்கும் இடம். நான்கு தலைகளில் மூன்று தொடையெலும்பிலும் ஒன்று இடுப்பெலும்பிலும் தொடங்குகின்றன. கீழே எல்லாம் ஒரே நாணாகச் சேர்ந்து, முழங்கால் சிரட்டையை அணைத்துக்கொண்டு, அதற்குக் கீழுள்ள எலும்பில் போய்ப் பிடிக்கின்றன. மடங்கிய காலை நீட்டுவது இந்தத் தசைதான். படியேறும்போது அது சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போதோ நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அந்தப் பிடி தளர்ந்தால் முழங்கால்தான் அனுபவிக்கும்.

தமிழில் நால் + தலை, நாற்றலை. நாம் கதிரை என்று போர்த்துக்கேயச் சொல்லால் சொல்வதை நாற்காலி என்கிறார்களே, அதே 'நால்'. கையிலுள்ள இருதலைத் தசை, முத்தலைத் தசையைப் படித்தவர்களுக்கு நாற்றலைத் தசை உடனே விளங்கும். அம்மம்மாவுக்கு? நாற்றம்தான் நினைவுக்கு வரும். அவருக்கு நான் சொன்னது 'முன்தொடைத் தசை'. கை வைக்க வேண்டிய இடம் பெயரிலேயே இருக்கிறது. கொஞ்சம் தளர்வான பெயர்தான். சம்மணமிட உதவும் தையற்காரத் தசையும் தொடையின் முன்புறமாகத்தானே ஓடுகிறது. பாடப்புத்தகத்துக்கு நாற்றலை, வீட்டுக்கு முன்தொடை என்பேன்.

எதிர்ப்பக்கத்து 'ஹாம்ஸ்ட்ரிங்' பன்றியிறைச்சி விவகாரம் அல்ல. பழைய ஆங்கிலத்தில் 'ஹாம்' முழங்காலின் பின்மடிப்பு. பின்தொடைத் தசை என்றால் போதும்.

சரி, அம்மம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சி: கதிரையில் நிமிர்ந்து இருந்து, ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, மெல்ல இறக்குவது. முதல்நாள் கால் நீட்டினார், ஒன்றும் புரியவில்லை. அவர் கையை எடுத்துத் தொடைமேல் வைத்து, "இப்ப நீட்டுங்கோ" என்றேன்.

"ஓம், இஞ்ச இறுகுது."