அட்டை பொது, தறி யாருடையது?

ஆரணிப் பட்டுத் தறியின் ஜக்கார்டில் அட்டைகள் சங்கிலியாகத் தொங்கும். ஓட்டை உள்ள இடத்தில் ஊசி நுழையும். அதற்குரிய பாவு இழை மேலே எழும். "இந்த ஓட்டைக்கு இந்த இழை" என்ற ஏற்பாடுதான் பிராசசருக்கும் அடிப்படை. ரிஸ்க்-ஃபைவ் (RISC-V) என்ற ஏற்பாட்டில் 32 பிட் கட்டளையின் வலக்கோடி ஏழு பிட்டுகள் 0110011 என்றிருந்தால், இரண்டு ரெஜிஸ்டர்களில் (பிராசசருக்குள் எண்களை வைக்கும் சிறு அறைகளில்) உள்ளதை எடுத்துக் கணக்குப் போட வேண்டும். கூட்டலா கழித்தலா என்பதை மற்ற பிட்டுகள் சொல்லும். இந்த ஏற்பாட்டின் பெயர் கட்டளைத் தொகுதி. அதை நடத்தும் சுற்று, கோர். அட்டையும் தறியும் போல இரண்டும் வேறு வேறு.

பிராசசர் வடிவமைக்கும் ஆர்ம் நிறுவனம் இரண்டுக்கும் உரிமம் தருகிறது. தயார் கோரை வாங்கிச் சிப்பில் பதிக்கலாம், ஆனால் உள்ளே கைவைக்க முடியாது. கட்டளைத் தொகுதிக்கு உரிமம் பெற்றால் கோரை நாமே வடிவமைக்கலாம். ரிஸ்க்-ஃபைவ் 2010-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அடிப்படைத் தொகுதியில் 40 கட்டளைகள்தான், உரிமக் கட்டணம் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி கோர்கள் அதில் எழுந்தவை.

கட்டணம் இல்லை என்றால் காப்புரிமைச் (பேட்டன்ட்) சிக்கலும் இல்லை என்று நினைப்பது பெரிய தவறு. பிராசசர் வடிவமைத்த மிப்ஸ் நிறுவனத்தின் பழைய வழக்கைப் பாருங்கள். நினைவகத்தில் நான்கு பைட் கொண்ட சொற்கள் 4, 8, 12 என்ற முகவரிகளில் தொடங்கும். 5-இல் தொடங்கும் எண்ணை எடுக்க 5, 6, 7 ஒரு சொல்லிலிருந்தும் 8 அடுத்த சொல்லிலிருந்தும் வர வேண்டும். இரண்டு பாதியையும் ஒரே ரெஜிஸ்டரில் ஒட்டும் கட்டளைகளுக்கு மிப்ஸ் காப்புரிமை வைத்திருந்தது. லெக்ஸ்ரா நிறுவனம் தன் கோரில் அவற்றை விட்டுவிட்டது. அவை வந்தால் பிராசசர் நின்று, மென்பொருள் அதே வேலையைச் செய்யலாம். அதுவும் மீறல்தான் என்று மிப்ஸ் வழக்குப் போட்டது. கடைசியில் சமரசம், லெக்ஸ்ரா கோர் தொழிலையே விட்டது. அந்தக் காப்புரிமை 2006-இல் காலாவதியானது.

இந்தப் பயத்தால்தான் 2016-இல் பெர்க்லியில், ரிஸ்க்-ஃபைவின் ஒவ்வொரு கட்டளைக்கும் பழைய பிராசசர்களில் முன்னோடி தேடி எழுதி வைத்தார்கள். ஆனால் அது அட்டைக்கு மட்டுமே காப்பு. கேஷ் (அடிக்கடி தேவைப்படுவதைக் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கும் சிறு நினைவகம்), கிளை ஊகிப்பு (நிரல் அடுத்து எந்த வழியில் போகும் என்று முன்கூட்டியே ஊகிப்பது) போன்றவை தறியின் உள்வேலை. அங்கே யாருடைய காப்புரிமையும் குறுக்கே வரலாம்.

ராணிப்பேட்டைத் தோல் ஆலைக் கழிவுநீருக்கு அளவுமானி செய்பவர் வடிவமைப்பைப் பொதுவில் வெளியிட்ட திறந்த கோரை எடுத்தால், முதலில் உரிமக் கோப்பைத் திறக்க வேண்டும். சக்தியின் பி.எஸ்.டி. உரிமம் காப்புரிமை பற்றி வாய் திறப்பதில்லை. அப்பாச்சி 2.0 என்ற உரிமம் என்றால், பங்களித்தவர்கள் அந்தப் பங்களிப்புக்கான தங்கள் காப்புரிமையையும் சேர்த்தே தருகிறார்கள். வெளியாருடையதற்கு அதுவும் பொறுப்பில்லை. அளவுமானிக்கு ஊகிப்பு இல்லாத எளிய கோரே போதும், சிக்கலும் குறையும். இன்னொன்று: காப்புரிமை நாட்டுக்கு நாடு தனி, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. ஆம்பூர் ஷூ போல மானியும் ஜெர்மனிக்குக் கப்பலேறினால், ஜெர்மனியின் பதிவேட்டிலும் தேட வேண்டும்.