ஒரே கோப்பில் ஓர் ஓவியப் பட்டறை

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்தில் ஒருவர் தைப்பூசக் காவடிக்கு இங்க்ஸ்கேப் என்ற ஓவிய மென்பொருளில் நோட்டீஸ் தயாரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாதி வேலையைத் தமிழ்ப் பள்ளிக் கணினியில் தொடர வேண்டும். அங்கே லினக்ஸ் இயங்குதளம் இருக்கிறது, இங்க்ஸ்கேப் இல்லை. மென்பொருளையே பென் டிரைவில் கொண்டுபோனால் ஓடுமா?

சும்மா நகலெடுத்தால் பெரும்பாலும் ஓடாது. வரைகலை மென்பொருள் தனி ஆள் இல்லை. படத்தைத் திறக்க ஒரு லைப்ரரி (மென்பொருள்கள் கூப்பிட்டுப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பு), வண்ணத்தைச் சரிபார்க்க ஒன்று, பொத்தானும் மெனுவும் காட்ட வேறொன்று. இவற்றின் பதிப்பு கணினிக்குக் கணினி மாறும்.

சைமன் பீட்டர் 2004இல் க்ளிக் என்ற பெயரில் தொடங்கி, பின்னால் ஆப்இமேஜ் ஆக வளர்ந்தது இதற்கான விடைகளில் ஒன்று. வேண்டிய லைப்ரரிகளையும் சேர்த்து எல்லாம் ஒரே கோப்பு. கோப்பின் தலைப்பகுதியில் ஒரு குட்டி நிரல்; அதன் பின்னால் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற சுருக்கப்பட்ட கோப்பு அமைப்பு. இயக்க அனுமதி கொடுத்து இரட்டைக் கிளிக் செய்தால், குட்டி நிரல் எதையும் பிரித்துக் கொட்டுவதில்லை. டெம்ப் அடைவுக்குள் ஒரு தற்காலிக வட்டு போலப் பொருத்திவிட்டு அங்கிருந்தே ஓட்டுகிறது. மூடினால் அந்த அடைவும் போய்விடும். இப்படிப் பொருத்த உதவுவது ஃபியூஸ் 2 லைப்ரரி; உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் 22.04 பதிப்பு முதல் அது கூடவே வருவதில்லை. பழைய ஆப்இமேஜ் திறக்க மறுத்தால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, எல்லாவற்றையும் கட்டிவிடலாமா? கூடாது. கட்டுச்சோறு கட்டுகிறவர் தண்ணீரைப் போகிற இடத்தில் பார்த்துக்கொள்வார். அப்படி விட்டுவைக்க வேண்டியது, திரையில் படம் வரைய உதவும் ஓபன்ஜிஎல் லைப்ரரி. அது அந்தந்தக் கணினியின் கிராபிக்ஸ் டிரைவரோடு பிணைந்தது. வேறு கணினியுடையதைத் திணித்தால் திரை கறுத்துப் போகலாம், மென்பொருள் திறக்காமலே போகலாம். ஜிலிப்சி என்னும் அடிப்படை லைப்ரரியையும் பொதுவாகக் கட்டுவதில்லை. பழைய ஜிலிப்சியில் உருவாக்கிய நிரல் புதியதில் ஓடும், தலைகீழாக நடக்காது. அதனால்தான் பொட்டலம் கட்டுகிறவர்கள் வேண்டுமென்றே பழைய லினக்ஸில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள்.

எழுத்துருவும் பொதுவாக அந்தக் கணினியிலிருந்துதான் வரும். நோட்டீஸில் போட்ட தமிழ் எழுத்துரு பள்ளிக் கணினியில் இல்லையென்றால் வேறொன்று வந்து உட்காரும், வரிகள் நகரும். அச்சுக்கு அனுப்புமுன் எழுத்தைப் பாதையாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றிவிடுவது நல்லது. அப்புறம் எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது, அதனால் மாற்றாத பிரதி ஒன்றும் கையில் இருக்கட்டும்.

ஃப்ளாட்பேக் வேறு வழி. பல மென்பொருள்களுக்குப் பொதுவான லைப்ரரித் தொகுப்பை ஒருமுறை இறக்கிவிட்டால், அதையே பகிர்ந்துகொள்ளும் அடுத்த மென்பொருளுக்கு அவ்வளவு டேட்டா ஆகாது. ஸ்நாப் என்பது, தென்னாப்பிரிக்காவின் வெல்காமில் பிறந்த மார்க் ஷட்டில்வொர்த் நிறுவிய, உபுண்டுவை வெளியிடும் கனானிக்கல் நிறுவனத்தின் வழி. இணையம் மெதுவாக இருந்த 2000களின் நடுவில் அவருடைய அறக்கட்டளை ஃப்ரீடம் டோஸ்டர் என்ற எந்திரங்களை அந்த நாட்டில் வைத்தது. வெற்று சிடியோடு போனால் லினக்ஸை எழுதிக்கொண்டு வரலாம்.

டேட்டா விலைக்கு எதிராக 2016இல் பெரிய இயக்கமே நடந்த நாடு அது. ஒருவர் இறக்கி ஊருக்கே கொடுக்க ஆப்இமேஜ்தான் வசதி என்பேன். ஆனால் அதற்கென்று தனிப் பாதுகாப்பு வேலி கிடையாது. யார் பென் டிரைவில் கொடுத்தாலும், கோப்பின் சரிபார்ப்பு எண்ணை மென்பொருளின் சொந்தத் தளத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே இயக்க வேண்டும்.