மைலேஜ்: சொல் வந்த வழியும் லிட்டருக்குள் இருப்பதும்

பைக் வாங்கப் போகிறவர் விலைக்கு அடுத்தபடியாகக் கேட்பது மைலேஜ். “எவ்வளவு கொடுக்கும்?” என்று கேட்டாலே போதும், எதைக் கேட்கிறார் என்று எல்லோருக்கும் புரிந்துவிடும். இத்தனைக்கும் அந்தக் கணக்கில் மைல் கிடையாது. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்றுதான் சொல்கிறோம். அளவு மாறிய பிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

லத்தீனில் ‘மில்லே பாஸுஸ்’ என்றால் ஆயிரம் தப்படி. ரோமானியர்களின் ஒரு தப்படி நம் கணக்கில் இரண்டு எட்டு. ஊன்றிய கால் மறுபடி தரையில் ஊன்றும் வரை. அப்படி ஆயிரம் வைத்தால் சுமார் 1,480 மீட்டர் வரும். தப்படி உதிர்ந்து, ஆயிரத்தைக் குறித்த சொல் மட்டும் தேய்ந்து ‘மைல்’ ஆனது. 1593-இல் இங்கிலாந்தில் சட்டம் போட்டு 5,280 அடி ஒரு மைல் என்று வரையறுத்தார்கள். இன்றைய 1.609 கி.மீ. அதுதான்.

பின்னால் ஒட்டியிருக்கும் ‘ஏஜ்’ பிரெஞ்சு வழியாக வந்த விகுதி. போஸ்டேஜ் என்பதில் இருப்பதும் அதே விகுதிதான். கட்டணம், மொத்த அளவு போன்ற பொருள்களைத் தரும். 18ஆம் நூற்றாண்டில் மைலேஜ் என்ற சொல் புழக்கத்துக்கு வந்தபோது அதன் பொருள், அலுவலாகப் பயணம் போகிறவருக்கு மைல் கணக்கில் கொடுக்கும் பணம். அதாவது நம் ‘பயணப்படி’. பிற்பாடு கடந்த தொலைவையே குறித்தது. மோட்டார் வண்டிகள் வந்த பிறகு, குறிப்பிட்ட அளவு எரிபொருளுக்கு வண்டி ஓடும் தொலைவு என்ற பொருளும் சேர்ந்தது. பழைய பொருளை முழுக்க விட்டுவிட்டோம் என்றும் சொல்ல முடியாது. வண்டிக்குப் படி அளக்கிறோம், அதற்கு அது ஓடிக் காட்டுகிறது.

அமெரிக்கர்கள் இதையே ‘கேஸ் மைலேஜ்’ என்பார்கள். அங்கே கேஸ் என்பது கேசலின் என்ற சொல்லின் சுருக்கம், நாம் பெட்ரோல் என்று சொல்லும் அதே திரவம். சமையல் வாயுவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. தமிழில் சில மொழிபெயர்ப்புகளில் ‘எரிவாயு மைலேஜ்’ என்று வந்துவிடுகிறது. பெட்ரோல் பைக்கைப் பற்றிப் பேசும்போது அது பிழை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘எரிபொருள் சிக்கனம்’ என்ற சொல் பத்திரிகைகளில் நிறையப் புழங்குகிறது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. சிக்கனம் என்பது குணம். “இந்த வண்டி சிக்கனமானது” என்றால் பொருந்துகிறது, “சிக்கனம் 50 கி.மீ.” என்றால் இடிக்கிறது. ‘எரிபொருள் திறன்’ என்பது இன்னொரு வழக்கு. அது நல்ல சொல்தான், ஆனால் வேறொன்றுக்குத் தேவைப்படுகிற சொல். எரிபொருளில் இருக்கும் ஆற்றலில் எத்தனை பங்கை எஞ்சின் உருப்படியான வேலையாக மாற்றுகிறது என்பதைச் சொல்ல அதை வைத்துக்கொள்ள வேண்டும். மைலேஜுக்கு நான் பரிந்துரைப்பது ‘லிட்டர் ஓட்டம்’. “லிட்டருக்கு எவ்வளவு ஓடும்?” என்று கேட்கிற வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. வினையைப் பெயராக்கினால் போதும்.

திறனையும் ஓட்டத்தையும் ஏன் பிரிக்க வேண்டும் என்றால், எஞ்சினில் ஒரு குறையும் இல்லாமலே ஓட்டம் குறையலாம். லிட்டர் என்பது கொள்ளளவு. வண்டியை ஓட்டுவதோ அந்தக் கொள்ளளவுக்குள் அடங்கியிருக்கும் வெப்ப ஆற்றல். இரண்டு லிட்டர்கள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தும் உள்ளடக்கத்தில் வேறுபடலாம்.

பெட்ரோல் என்பது ஒரே பொருள் அல்ல. நான்கு முதல் பன்னிரண்டு கார்பன் அணுக்கள் வரை கொண்ட நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின், அதாவது ஹைட்ரஜனும் கார்பனும் மட்டுமே சேர்ந்த சேர்மங்களின், கலவை. லத்தீனில் ‘பெட்ரா’ பாறை, ‘ஓலியம்’ எண்ணெய். பெட்ரோலியம் என்றால் பாறை எண்ணெய். தனித்தமிழ் ஆர்வலர்கள் பெட்ரோலுக்கு வைத்த ‘கன்னெய்’ அதே வழியில் வந்தது: கல் + நெய். எள் + நெய் எண்ணெய் ஆன அதே புணர்ச்சி மரபு. இன்னொரு பொருத்தமும் உண்டு. பழைய தமிழ் உரைநடையில் மைலுக்கு ‘கல்’ என்றுதான் பெயர். “நாலு கல் தொலைவு” என்று எழுதுவார்கள். ஆக, கன்னெய் ஊற்றி எத்தனை கல் ஓடுகிறது என்று கேட்டால் மைலேஜ் கணக்கு முழுவதும் கல்லுக்குள்ளேயே முடிந்துவிடும். வேடிக்கைக்குச் சொல்கிறேன்; பெட்ரோல் போடுமிடத்தில் கன்னெய் கேட்டால் விழிப்பார்கள். பெட்ரோல் தமிழாகிவிட்ட சொல், அப்படியே இருக்கட்டும்.

அந்தக் கலவையில் டொலுவீன், சைலீன் போன்ற, கார்பன் அணுக்கள் வளையமாக அமைந்த அரோமேட்டிக் வகைகள் அடர்த்தி மிக்கவை. எடைக்கு எடை பார்த்தால் அவற்றில் ஆற்றல் சற்றுக் குறைவுதான். ஆனால் ஒரு லிட்டரில் அவை அதிக எடை அடங்குவதால், லிட்டர் கணக்கில் ஆற்றல் கூடுகிறது. பியூட்டேன் இதற்கு நேர் எதிர்: லேசானது, எளிதில் ஆவியாவது. கடுங்குளிர் நாடுகளில் குளிர்காலத்தில் வண்டி சட்டென்று ஸ்டார்ட் ஆவதற்காகப் பெட்ரோலில் பியூட்டேனைக் கூட்டிக் கலப்பார்கள். அந்தப் பெட்ரோலில் லிட்டருக்கான ஆற்றல் கோடைக்காலப் பெட்ரோலைவிட ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் குறையும். குளிர்ந்த எஞ்சினும் கெட்டியான ஆயிலும் வேறு சேர்ந்துகொள்ள, பனிக்காலத்தில் வண்டி குடிக்கிறது என்ற புகார் அங்கே வழக்கமானது.

இதெல்லாம் சில்லறை வேறுபாடுதான். ஓட்டத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி மாற்றுவது எத்தனால்.

எத்தனால் ஒருவகை ஆல்கஹால். ஆல்கஹால் என்ற சொல்லின் கதை நீளமானது. அரபியில் ‘அல்-குஹ்ல்’ என்றால் கண்ணுக்கு இடும் மை, அஞ்சனம். மிக நுண்ணிய தூளாக இருப்பதால், எந்த நுண்தூளுக்கும் ரசவாதிகள் அந்தப் பெயரைச் சொன்னார்கள். பிறகு எதையும் வடித்து எடுத்த சாரத்துக்கும் அதுவே பெயரானது. மதுவிலிருந்து வடித்த சாரம் ‘மதுவின் ஆல்கஹால்’ எனப்பட்டு, கடைசியில் முன்னொட்டு போய் வெறும் ஆல்கஹால் ஆனது. இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் ‘மதுசாரம்’ இந்த வரலாற்றை ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. எரிபொருளாகப் பேசும்போது ‘எரிசாராயம்’ என்பதும் வழக்கில் இருக்கிறது. அதையும் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் பம்பில் எழுதியிருப்பது எத்தனால் என்பதால் இங்கே அதையே வைத்துக்கொள்கிறேன்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 32 மெகாஜூல் (ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றல் இருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் 21 மெகாஜூல்தான், மூன்றில் இரண்டு பங்கு. காரணம் அதன் மூலக்கூறிலேயே இருக்கிறது. எத்தனாலின் எடையில் 35 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக ஆக்சிஜன் உண்டு. ஆக்சிஜன் எரிய உதவும், தானாக எரிந்து வெப்பம் தராது. ஓரளவு எரிந்து முடிந்த எரிபொருள் என்று எத்தனாலைச் சொன்னால் தவறில்லை.

இனி கணக்கு எளிது. இ10 என்றால் பத்து சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், இ20 என்றால் இருபது சதவீதம். இ10-இல் லிட்டருக்கான ஆற்றல் மூன்று சதவீதத்துக்குச் சற்று மேலே குறையும். இ20-இல் ஆறு முதல் ஏழு சதவீதம். எத்தனால் இல்லாத பெட்ரோலில் 50 கி.மீ. ஓடும் பைக், மற்ற எல்லாம் அப்படியே இருந்தால், இ10-இல் 48 சொச்சம், இ20-இல் 46 அல்லது 47 ஓடும். எஞ்சினின் திறன் துளியும் மாறியிருக்காது. ‘வண்டி மைலேஜ் கொடுக்க மாட்டேங்குது’ என்று மெக்கானிக்கிடம் போனால் அவர் ஏர் ஃபில்டரை மாற்றுவார், பிளக்கை மாற்றுவார், போன ஓட்டம் வராது.

இது தாளில் வரும் கணக்கு. சாலையில் எப்படி வரும் என்பது வண்டி எரிபொருளை எப்படி அளந்து ஊற்றுகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு ஒன்பது கிலோ போதும். இ20-க்கு சுமார் 13.5. கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளை மாறாது. அதனால் இ20 ஊற்றியதும் காற்று கூடிப் போய்க் கலவை ‘லீன்’ ஆகிவிடும். தமிழில் இதை ‘மெலிந்த கலவை’ எனலாம். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பது, ஆக்சிலரேட்டரைத் திருகியதும் ஒரு நொடி திணறிவிட்டு இழுப்பது, இவை மெலிந்த கலவையின் அடையாளங்கள். ஏற்கெனவே பெட்ரோலைக் கூடுதலாக விடும்படி ட்யூன் செய்த வண்டி என்றால், இந்த மெலிவு அதைச் சரியான விகிதத்துக்குப் பக்கத்தில் கொண்டுவரும். அங்கே ஓட்டம் கணக்கில் வந்த அளவுக்குக் குறையாது. ஒரே எரிபொருளைப் பற்றி இரண்டு பேர் நேர்மாறாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பெட்ரோலை இன்ஜெக்டர் வழியாகப் பீய்ச்சும் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டியில் புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் மெலிவை உணர்ந்து, இன்ஜெக்டரைச் சற்று அதிக நேரம் திறக்கச் சொல்லும். வண்டி இதமாகப் போகும், லிட்டர் ஓட்டம் இறங்கும்.

எத்தனாலுக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு: ஆக்டேன் எண் அதிகம். இந்தச் சொல்லைத்தான் மக்கள் மிகவும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். கிரேக்கத்தில் ‘ஆக்டோ’ என்றால் எட்டு. எட்டுக் கார்பன் கொண்ட ஹைட்ரோகார்பன் ஆக்டேன். 1920-களில் உருவான அளவுகோலில் ஆக்டேனில் ஒரு வகையான ஐசோஆக்டேனுக்கு 100, ஏழு கார்பன் கொண்ட நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்தார்கள். எண் 95 என்றால், 95 பங்கு ஐசோஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எவ்வளவு அழுத்தம் வரை தானாக வெடிக்காமல் தாங்குமோ, அந்தப் பெட்ரோலும் அவ்வளவு தாங்கும். அதாவது இது பொறுமையின் அளவு, வலிமையின் அளவு அல்ல. பிளக் பொறி வைப்பதற்கு முன்னாலோ பின்னாலோ கலவை ஒரு மூலையில் தன்னிச்சையாக வெடித்தால் எஞ்சினில் டக் டக் என்று ஓசை வரும். மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்பது அதைத்தான். தமிழில் ‘தட்டல்’ என்றும், ஆக்டேன் எண்ணைத் ‘தட்டல் தாங்கும் எண்’ என்றும் சொன்னால் இந்தக் குழப்பம் பாதியாவது குறையும்.

91 போதும் என்று வடிவமைத்த எஞ்சினில் 97 ஊற்றினால் ஓட்டம் கூடாது. தட்டாத இடத்தில் தட்டலைத் தாங்கி என்ன பயன்? அதிகக் கம்ப்ரஷன் உள்ள (கலவையை அதிகமாக அழுத்துகிற), உயர்ந்த எண்ணைக் கேட்கிற எஞ்சினுக்கு அது தேவை. எத்தனால் கலவைக்கென்றே கம்ப்ரஷனைக் கூட்டி வடிவமைத்த எஞ்சின் இழந்த ஓட்டத்தில் ஒரு பகுதியை மீட்டுவிடும். பழைய எஞ்சினால் அது முடியாது.

விலை கூடிய பெட்ரோல் ஒருமுறை போட்டதும் ஐந்து கிலோமீட்டர் கூடியது என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். டயரில் காற்று இறங்கியிருப்பது, எதிர்க்காற்று, பின்னால் ஆள் உட்கார்ந்திருப்பது, பம்பில் டேங்கை எந்த மட்டம் வரை நிரப்பி நிறுத்தினார்கள் என்பது, இவை ஒவ்வொன்றும் மூன்று நான்கு சதவீதத்தை விழுங்கிவிடும். ஃபுல் டேங்கிலிருந்து ஃபுல் டேங்க் வரை, ஒரே பாதையில், பலமுறை அளந்து சராசரி எடுத்தால்தான் எரிபொருளின் பங்கு வெளியே தெரியும்.

கலவையில் எத்தனால் எவ்வளவு என்று பார்க்க ஒரு பழைய வழி இருக்கிறது. கோடு போட்ட 100 மில்லி கண்ணாடி உருளையில் 10 மில்லி தண்ணீர் விட்டு, மேலே 90 மில்லி பெட்ரோல் ஊற்றி, மூடிக் குலுக்கி வைக்க வேண்டும். நெருப்பு அண்டாத திறந்த வெளியில்தான், அதுவும் கவனமாக. முதலில் கலங்கும். சற்று நேரத்தில் நடுவில் ஒரு கோடு தெளியும். எத்தனால் இல்லாத பெட்ரோல் என்றால் கீழே உள்ள தண்ணீர் 10-லேயே நிற்கும். எத்தனால் இருந்தால் அது பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு போய்ச் சேரும். கோடு மேலே ஏறும். இ10 என்றால் 19 பக்கத்தில், இ20 என்றால் 28 பக்கத்தில். துல்லியமான ஆய்வு அல்ல, ஆனால் இருக்கிறதா, ஏறத்தாழ எவ்வளவு என்று தெரிந்துவிடும். உருளையில் இருப்பதைத் திரும்ப டேங்கில் ஊற்றக் கூடாது.

டேங்குக்குள்ளும் இதே கூத்து நடக்கலாம். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் பைக்கில் தண்ணீர் ஓர் அளவைத் தாண்டிச் சேர்ந்தால், எத்தனாலும் நீரும் அடியில் தனியாகப் படிந்துவிடும். இதை ‘அடுக்குப் பிரிதல்’ எனலாம். எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும் வழி டேங்கின் அடியில் என்பதால், முதலில் போவது அந்த நீர்தான்.

மின்சார ஸ்கூட்டருக்கும் இப்போது மைலேஜ் கேட்கிறார்கள். அங்கே கணக்கு நேரானது. ஒரு யூனிட் மின்சாரம் என்பதே ஆற்றலின் அளவு, 3.6 மெகாஜூல், எந்தக் கம்பியில் வந்தாலும் அதே 3.6. அந்த வண்டிக்கு ‘யூனிட் ஓட்டம்’ என்று தாராளமாகச் சொல்லலாம். பெட்ரோல் வண்டிக்கு லிட்டர் ஓட்டம் சொல்லும்போதுதான் இ10-ஆ இ20-ஆ என்று பக்கத்தில் குறிக்க வேண்டியிருக்கிறது.