நாற்றங்காலில் தொடங்கும் வறட்சித் தாங்குதிறன்

அரளி இலையின் அடிப்புறத்தை நுண்ணோக்கியில் பார்த்தால், இலைத்துளைகள் மேற்பரப்பில் இல்லாமல், மயிரிழைகள் அடர்ந்த சிறு குழிகளுக்குள் ஒளிந்திருப்பது தெரியும். வெளிக்காற்று அவற்றின் மீது நேரே படாததால் நீராவி இழப்பு குறைகிறது. வறட்சிக்கு ஏற்ற செடி என்று அரளி பெயர் வாங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அதே அரளியை நிழல்வலையின் கீழ் வைத்து, தினமும் தண்ணீரும் தாராளமாகத் தழைச்சத்தும் (நைட்ரஜன்) கொடுத்து வளர்த்துவிட்டு, திடீரென்று வெட்டவெளியில் நட்டால் அது சில வாரங்களிலேயே கருகிவிடக்கூடும். இனத்துக்குரிய இயல்பு பாதிதான். மீதியை வளர்ப்பு முறை தீர்மானிக்கிறது.

பெரிய இலையும் கரும்பச்சை நிறமும் உள்ள செடியே விரைவில் விற்பதால், நாற்றங்கால்கள் அத்தகைய செடியையே உருவாக்குகின்றன. தழைச்சத்து மிகும்போது இலைப்பரப்பு விரிகிறது; தொட்டிக்குள் அடைபட்ட வேரோ அந்த அளவுக்குப் பெருகுவதில்லை. அப்படிப்பட்ட செடி நீரை இழக்கும் வேகத்துக்கு அதன் வேரால் ஈடுகொடுக்க முடியாது. ஆகவே விற்பனைக்கு முந்தைய நான்கு முதல் ஆறு வாரங்களைக் கடினப்படுத்துவதற்கென்றே ஒதுக்குவது நல்லது. நிழலைப் படிப்படியாகக் குறைத்து, தழைச்சத்தை நிறுத்தி, நீரை அளந்து கொடுக்க வேண்டும். தொட்டியை முழுக்க நனைத்து, உபரி நீர் வடிந்தபின் ஒருமுறையும் மறுநாள் அதே நேரத்தில் ஒருமுறையும் எடைபோட்டால் செடி ஒரு நாளில் செலவழித்த நீர் தெரிந்துவிடும். அதில் பாதி முதல் முக்கால் பங்கை மட்டும் திருப்பிக் கொடுத்தால் போதும். இந்த மிதமான நெருக்கடியில் வேர்கள் அப்சிசிக் அமிலம் என்னும் ஹார்மோனை மேலே அனுப்ப, இலைத்துளைகள் ஓரளவு மூடிக்கொள்கின்றன. புதிய இலைகள் சிறியனவாகவும் தடித்தும் வருகின்றன. பல இனங்களில் உயிரணுக்களுக்குள் சர்க்கரையும் புரோலின் என்னும் அமினோ அமிலமும் சேர்ந்து நீரைப் பிடித்துவைக்கின்றன.

எல்லை எங்கே என்பதைச் செடியே காட்டும். நண்பகலில் இலை சற்றுத் தொங்கி மாலைக்குள் நிமிர்ந்தால் கவலையில்லை. விடியற்காலையிலும் வாடியே இருந்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள். நீர் குறையும்போது தொட்டியில் நிரப்பிய வளர்ப்பு ஊடகத்தில் உப்பு செறியும் என்பதால் இடையிடையே ஒருமுறை நிறைய நீர் விட்டு அலசுவதும் அவசியம்.

இவ்வளவு செய்தும் வேர் தொட்டிச் சுவரையொட்டிச் சுருண்டிருந்தால் பயனில்லை. பக்கவாட்டில் துளைகளுள்ள தொட்டிகளில் வேர்நுனி காற்றுப்பட்டுக் காய்ந்து, பின்னால் புதிய கிளைவேர்கள் தோன்றுகின்றன. சாதாரணத் தொட்டியில் வளர்ந்ததென்றால், நடும்போது வேர்க்கட்டியின் வெளிப்புறத்தில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் அளவுக்குச் சீவிவிடத் தயங்க வேண்டாம்.

பேக்லோபியூட்ரசால் போன்ற வளர்ச்சி ஒடுக்கிகள் செடியைக் குறுக்கி நீர்த்தேவையைக் குறைக்கும். ஆயினும் அவை மண்ணில் நெடுநாள் தங்குபவை. வேரோடு கூடி வாழ்ந்து நீரும் சத்தும் உறிஞ்ச உதவும் வேர்ப்பூஞ்சாண உரத்தை வாங்கிவிட்டு மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) அள்ளிக் கொட்டுவது வீண் செலவு, ஏனெனில் மணிச்சத்து மிகுந்த இடத்தில் அப்பூஞ்சாணம் வேரில் சரிவரக் குடியேறாது. எந்தச் சிகிச்சையும் நீர் அதிகம் கேட்கும் ஹைட்ரேஞ்சாவை அரளியாக மாற்றிவிடாது என்பதையும் வாங்குபவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

நட்ட பிறகு நேரும் இழப்புகளுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: சுற்றியுள்ள மண் ஈரமாக இருக்க, தேங்காய் நார்க்கழிவோ பீட்டோ (சதுப்பு நிலத்து மட்கு) நிரம்பிய வேர்க்கட்டி மட்டும் உலர்ந்துவிடுகிறது. பீட் ஒருமுறை முற்றிலும் காய்ந்தால் நீரை எளிதில் ஏற்காது. எனவே வேர் வெளிமண்ணுக்குள் பரவும்வரை, வேர்க்கட்டியின் மீதே நீர் விழும்படி சொட்டுநீர்க் குழாயின் சொட்டுவானை வைத்து, விரலை உள்ளே நுழைத்து ஈரத்தைச் சோதிக்க வேண்டும். ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் தடிமனில், தண்டைத் தொடாதவாறு காய்ந்த இலை, மரச்சில்லு போன்றவற்றால் மூடாக்கு இடலாம். புதுத்துளிர் சீராக வரத் தொடங்கியபின் சொட்டுவானைச் சற்று வெளியே நகர்த்தி, பாசன இடைவெளியை மெல்ல மெல்ல நீட்டலாம்.